நல்லா வேலை செய்யுற பிரேக்கை நம்பாதேங்கோ

போன எபிசோடில் ஈ-பைக் ஆப்புகளைப் பற்றிக் கதைச்ச பிறகு, ஒரே கேள்வி நாலு பேரிடம் இருந்து வந்திருந்தது. பற்றரி எத்தனை வீதம், மோட்டர் எவ்வளவு சூடு, டயரில் எவ்வளவு காற்று எண்டு எல்லாத்தையும் போன் காட்டுது. பிரேக் பேட் எவ்வளவு தேய்ஞ்சிருக்கு எண்டு மட்டும் ஏன் காட்டேல்லை? அதுக்கும் ஒரு சென்சர் போட்டால் என்ன?

எனக்கு அந்தச் சென்சர் வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இந்த வாரம் சேர்வர் பக்கம் போகாமல் மவுண்டன் பைக் பக்கம் வந்திருக்கிறேன். சுவிஸில் இருக்கிற எங்களுக்கு மலை வாசலிலேயே இருக்கு. நோர்வேயில், கனடாவின் மேற்குக் கரையில் இருந்து வாசிக்கிற ஆக்களுக்கும் இதேதான். லண்டன்காரருக்கு மலை இல்லை, ஆனால் சேறு இருக்கு. பேட்டுக்கு அது இன்னும் மோசம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக் தன்ர தேய்மானத்தைத் தானே மறைக்கும். இது பழுது இல்லை, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

லிவரை இழுத்தால் எண்ணெய் தள்ளும். கலிப்பருக்குள் இருக்கிற பிஸ்டன்கள் வெளியே வரும். இரண்டு பேட்டும் றோட்டரைக் கவ்வும். லிவரை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல் முறுகின நிலையில் இருந்து பழையபடி நிமிரும். நிமிரும்போது பிஸ்டனையும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். கொஞ்சம் என்றால் ஒரு மில்லிமீற்றரில் சின்னப் பங்கு. பேட் தேயத் தேய பிஸ்டன் கூடுதல் தூரம் வர வேணும். சீல் அவ்வளவு தூரம் முறுகாது. அதனால் பிஸ்டன் சீலுக்குள்ளால் வழுக்கி முன்னுக்குப் போய் ஒரு புது இடத்தில் நிற்கும். பின்னால் உண்டான வெற்றிடத்தை லிவருக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டித் தொட்டியில் இருந்து எண்ணெய் வந்து நிரப்பும்.

இதன் விளைவு என்ன தெரியுமோ? பேட்டில் 2 மில்லிமீற்றர் மிச்சம் இருக்கும்போது லிவர் எந்த இடத்தில் கடிச்சதோ, 0.7 மிச்சம் இருக்கும்போதும் கிட்டத்தட்ட அதே இடத்தில் கடிக்கும். விரலுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

அப்பாமார் ஊரில் ஓடின சைக்கிள்களை நினைச்சுப் பாருங்கோ. கைப்பிடியில் இருந்து இரும்புக் கம்பி இறங்கிப் போய், றிம்மில் ரப்பர் கட்டையை அழுத்தும். கட்டை தேய்ஞ்சால் பிரேக்கைக் கூட இழுக்க வேண்டி வரும். கை உடனே கண்டுபிடிச்சிடும். வீட்டு வாசலிலேயே குறட்டை எடுத்து இறுக்குவினம். அந்த பிரேக் நல்ல பிரேக் என்று நான் சொல்ல வரேல்லை. மழையில் அது பிரேக்கே இல்லை. ஆனால் அது உண்மை பேசினது.

ஐ.டி. பக்கம் இருக்கிறவைக்கு இந்தக் கதை புதுசாக இருக்காது. ரெய்ட் 5 போட்ட ஸ்டோரேஜில் ஒரு டிஸ்க் செத்தால் பாவிக்கிற ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. கோப்பு திறக்கும், சேமிக்கும், எல்லாம் வழமை. கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டாவது டிஸ்க் சாகும் அன்றைக்குத்தான் அலுவலகமே எழும்பி நிற்கும். நான் கொன்ட்ராக்ட்டில் போய் நிக்கிற இடங்களில் கனக்க வேலை இதுதான். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சுது" என்று சொல்லுற ஆக்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, மூன்று மாதத்துக்கு முந்தின லொக்கில் வந்த எச்சரிக்கையைத் தேடி எடுத்துக் காட்டுறது. (டிஸ்க் என்ற சொல் இரண்டு பக்கமும் வருவது தற்செயல். பகிடி விடவில்லை.)

ஆனால் ஸ்டோரேஜ் லொக்காவது எழுதும். வெலோ பிரேக் லொக் எழுதாது.

சரி, அப்ப ஆப் கணக்கு வைக்கட்டும் என்று சொல்லுவீங்கள். ஸ்ட்ராவா மாதிரி ஆப்புகளில் வெலோவின் பாகங்களைப் பதிஞ்சு வைச்சால், ஒவ்வொன்றும் எத்தனை கிலோமீற்றர் ஓடினது என்று அது கூட்டிக்கொண்டே போகும். சங்கிலிக்கு அந்தக் கணக்கு ஓரளவு உதவும். பிரேக்குக்கு அது சுத்தப் பிழையான எண். பேட்டைத் தேய்க்கிறது நீங்கள் ஓடின தூரம் இல்லையே. இறங்கின உயரம், உங்கட நிறை, றோட்டரில் ஒட்டியிருக்கிற மண் எல்லாம் சேர்ந்துதான் தேய்க்குது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவம். நீங்கள், வெலோ, முதுகுப் பை எல்லாம் சேர்த்து 90 கிலோ. லென்ஸர்ஹைட பைக் பார்க்கில், 2018இல் உலக மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப் நடந்த அதே இடத்தில், ஒரு இறக்கம் சுமார் 400 மீற்றர். லிஃப்டில் ஏறி ஏறி ஐந்து தரம் இறங்கினால் 2000 மீற்றர். பள்ளிக்கூடத்தில் படிச்ச நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கோ. ஏறக்குறைய 1.77 மெகாஜூல் வரும். குழாயில் பிடிச்ச தண்ணி ஐந்து லீற்றரைக் கொதிக்க வைக்க அது காணும். மூன்று கேத்தல் தேத்தண்ணி. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுக்கும். மிச்சம் அத்தனையும் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நாலு பேட்டுக்குள்ளாலதான் வெப்பமாக வெளியே போக வேணும்.

அந்த நாளுக்கு ஆப் காட்டுற தூரம் இருபது கிலோமீற்றருக்குள். அடுத்த கிழமை பேர்னில் ஆரே ஆற்றங்கரையால் நாற்பது கிலோமீற்றர் ஓடினால், பிரேக்கை நாலு இடத்தில் தொட்டிருப்பீங்கள். ஆப்புக்கு இரண்டாவது நாள்தான் பெரிய நாள். பேட்டுக்கு முதல் நாளே ஒரு மாதம்.

மழை நாளைக் கணக்கில் எடுத்தால் இந்தச் சூத்திரமும் உடையும். ஈர மண்ணும் நுண்ணிய கல்லும் பேட்டுக்கும் றோட்டருக்கும் நடுவில் போனால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி. சேறும் மணலுமாக இருக்கிற நாளில் ரெசின் பேட் ஒரே ஓட்டத்தில் முடியிறதும் உண்டு. இதை எந்த ஆப் கணிக்கும்?

இதெல்லாம் சும்மா கணக்கு என்று நினைக்கிறவைக்கு என்ர சித்தியின்ர மகனின் கதை. பத்தொன்பது வயது, இன்ஃபோர்மாட்டிக்கில் தொழிற்பயிற்சி செய்கிறான், கெட்டிக்காரன். இரண்டாம் கையாக ஒரு வெலோ வாங்கினான். விற்ற ஆள் "போன வருஷம்தான் பேட் மாத்தினது" என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யாக இருக்க வேணும் என்றும் இல்லை. அவன் ஓடினது அறுநூறு கிலோமீற்றர் கூட இல்லை, ஆப்பும் பச்சை நிறத்தில்தான் காட்டிக்கொண்டு இருந்தது. ஜூலையில் நாங்கள் மூன்று பேர் மலைக்குப் போனோம். முதல் இரண்டு இறக்கமும் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாவதில் முன் சக்கரத்தில் இருந்து இரும்பில் இரும்பு உரசுற சத்தம். அடுத்த வளைவுக்குள் லிவர் கைப்பிடி வரைக்கும் வந்து ஒட்டினது. வளைவில் திரும்ப முடியாமல் நேராகப் புல் மேட்டில் ஏறி விழுந்தான். காறை எலும்பு முறிவு, ஒரு தகடு, ஏழு ஆணி.

அன்று பின்னேரம் அவனுடைய முன் கலிப்பரைக் கழட்டினேன். பேட்டில் உராய்வுப் பொருள் என்று ஒன்றுமே இல்லை. வெறும் தகடு றோட்டரில் உரசி வரி வரியாக இருந்தது. இரண்டு பேட்டையும் விலக்கிப் பிடிக்கிற மெல்லிய ஸ்பிரிங் றோட்டருக்குள் மாட்டி நசுங்கியிருந்தது. பிஸ்டன் வர வேண்டிய எல்லைக்கு மேலே வந்து, சீலைத் தாண்டி எண்ணெய் கசிஞ்சிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, காலமை நல்லாத்தானே பிடிச்சது?"

ஓம், நல்லாத்தான் பிடிச்சது. அதுதான் இந்த பிரேக்கின் குணம்.

இனி பார்க்கிற முறை. சக்கரத்தைக் கழட்டாமலும் பார்க்கலாம். ஆனால் கழட்டினால் வடிவாகத் தெரியும், ஒரு நிமிஷ வேலை. போன் டோர்ச்சைக் கலிப்பரின் ஒரு பக்கத்தில் பிடிச்சு மறு பக்கத்தால் உள்ளே பாருங்கோ. ஒவ்வொரு பேட்டிலும் இரண்டு அடுக்குத் தெரியும். ஒன்று மினுங்குகிற உலோகத் தகடு. மற்றது அதில் ஒட்டியிருக்கிற மங்கலான உராய்வுப் பொருள். தகட்டைப் பேட் என்று நினைச்சு "இன்னும் கனக்க இருக்கு" என்று சொல்லுற ஆக்களைக் கண்டிருக்கிறேன். கணக்கு அந்த மங்கல் அடுக்குக்கு மட்டும்தான்.

ஷிமானோ அந்த அடுக்கு 0.5 மில்லிமீற்றர் ஆனால் மாற்றச் சொல்லுது. ஸ்ராம் தகட்டையும் சேர்த்து 3 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சால் மாற்றச் சொல்லுது. அளவுகோல் வேணுமெண்டால் உங்கட பேர்ஸில் இருக்கு. வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மில்லிமீற்றர். உராய்வுப் பொருள் அந்த அட்டை அளவுக்கு வந்திட்டால் நான் மலைக்குப் போக மாட்டேன். உற்பத்தியாளர் இன்னும் கொஞ்சம் இருக்கு என்று சொல்லலாம், ஆனால் நீண்ட அல்ப்ஸ் இறக்கத்தின் நடுவில் அந்தக் கொஞ்சம் முடியும்.

பார்க்கும்போது ஒரு பேட் மற்றதைவிட மெல்லிசாக இருந்தால், அல்லது ஒரு பேட்டே ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு தேய்ஞ்சிருந்தால், புதுப் பேட் மட்டும் போட்டுப் பிரயோசனம் இல்லை. பிஸ்டன் ஒன்று இறுகியிருக்கு, இல்லாட்டில் கலிப்பர் நேராக இல்லை. றோட்டரையும் ஒருக்கால் பாருங்கோ. ஷிமானோ றோட்டரில் 1.5 என்று பொறிச்சிருக்கும். அதைவிட மெலிஞ்சால் அதையும் மாற்ற வேணும். அதேபோல 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறிச்ச றோட்டருக்கு உலோகப் பேட் போடக் கூடாது.

எந்தப் பேட் என்று கேட்டால், என் அபிப்பிராயம் நேரானது. றோட்டர் இடம் கொடுத்தால் மலைக்கு உலோகப் பேட். சத்தம் கூட, முதல் கடி கொஞ்சம் பிந்தும், ஆனால் சூட்டிலும் சேற்றிலும் தாக்குப் பிடிக்கும். ரெசின் அமைதியாக, மெத்தென்று பிடிக்கும். நகரத்துக்கும் காய்ஞ்ச சின்ன மலைக்கும் அது போதும்.

புதுசு போடுறதுக்கு முன்னால் பிஸ்டன்களைத் துடைச்சு, பிளாஸ்டிக் டயர் லிவரால் மெதுவாக உள்ளே தள்ள வேணும். பழைய பேட் உள்ளே இருக்கும்போதே தள்ளினால் பிஸ்டனில் கீறல் விழாது. சக்கரம் வெளியே இருக்கிற நேரம் யாரும் லிவரை இழுக்க விடாதேங்கோ, முக்கியமாக வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால். பிஸ்டன் வெளியே வந்து பேட் ஒட்டிக்கொள்ளும், பிறகு அரை மணித்தியாலம் போகும்.

போட்ட உடனே மலைக்குப் போகவும் கூடாது. தட்டையான வீதியில் நடுத்தர வேகம் எடுத்து, நடக்கிற வேகத்துக்கு வரும்வரை பிரேக் பிடிச்சு விடுங்கோ. ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது தரம். பிறகு கொஞ்சம் கூடின வேகத்தில் பத்துத் தரம். பேட்டின் பொருள் றோட்டரில் ஒரு மெல்லிய படையாக ஏறினால்தான் அது உண்மையில் பிடிக்கும். பக்கத்து வீட்டு ஆக்கள் ஒரு மாதிரிப் பார்ப்பினம். பார்க்கட்டும்.

எண்ணெய் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ஷிமானோவும் மகூராவும் மினரல் ஒயில். ஸ்ராமில் கனக்க மொடல்கள் டொட் திரவம், சில புது மொடல்கள் மினரல் ஒயில். மாறி ஊத்தினால் சீல் எல்லாம் ஊதிப் பழுதாகும். லிவரிலேயே எழுதியிருக்கும், வாசியுங்கோ. டொட் திரவம் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டொட் 5.1க்குத் தரம் சொல்லுற குறைந்தபட்சக் கொதிநிலை புதுசில் 260 பாகை, ஈரம் ஏறினால் 180. அந்த வேலை செய்து பழக்கம் இல்லாட்டில் கடைக்குக் கொடுங்கோ, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கு. என்ர சிநேகிதி ஒருத்தி பிரேக் கீச்சிடுது என்று ஒரு கடைக்குக் கொண்டு போனாள். பேர் வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் முழு பிரேக்கையும் மாற்ற வேணும் என்று 400 ஃபிராங்குக்கு மேலே ஒரு விலை கொடுத்தார்கள். அவள் எனக்கு எழுதினாள், போய்ப் பார்த்தேன். பேட்டில் தேய்மானமே இல்லை. சங்கிலிக்கு ஸ்பிரே எண்ணெய் அடிச்ச நேரம் றோட்டரில் தெறிச்சிருக்கு. அவ்வளவுதான். ஐசோபுரப்பைல் அல்கஹோலால் றோட்டரைத் துடைச்சு, எண்ணெய் ஊறின பேட்டை எறிஞ்சு புதுசு போட்டோம். ஒரு சக்கரத்துக்கு இருபது முப்பது ஃபிராங். அந்தக் கடைக்காரர் களவு செய்யப் பார்த்தார் என்று நான் நினைக்கேல்லை. இங்கே ஒரு மணித்தியாலக் கூலிக்குள் பழுதைத் தேடுறதைவிட முழுசாக மாற்றுறது அவர்களுக்கு லேசு. எங்கட சேர்வர்களுக்கும் நாங்கள் அதைத்தானே செய்யிறம்? ஆனால் பேட்டைப் பார்க்கத் தெரிஞ்ச ஆளிடம் அந்த விலையைச் சொல்ல ஒருத்தரும் துணிய மாட்டினம்.

எங்கட வீடுகளில் இன்னொரு பழக்கமும் இருக்கு. கோட் எழுதினால் கெட்டிக்காரன், கையில் கிரீஸ் பட்டால் "ஏன் தம்பி உனக்கு இந்த வேலை, கடையில குடன்". இந்த வசனத்தைக் கேக்காமல் வளர்ந்த பிள்ளை எங்களுக்குள் குறைவு. சொல்லுற அப்பாவே ஊரில் தன்ர சைக்கிளைத் தானே பூட்டிக் கழட்டினவர் என்பதை அவரிடம் ஒருக்கால் ஞாபகப்படுத்திப் பாருங்கோ. நல்ல கதை வரும்.

இப்ப சென்சருக்கு வருவம். கார்களில் இருக்கே என்று எழுதினவருக்கு: ஓம், இருக்கு. இரண்டு வகை. ஒன்று கம்பி போட்டு டாஷ்போர்டில் விளக்கு எரிய வைக்கிறது. மற்றது வெறும் இரும்புத் துண்டு. பேட் மெலிஞ்சதும் அது றோட்டரில் முட்டிக் கத்தும். பற்றரி இல்லை, அப்டேட் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. அந்த இரண்டாவது வகையை வெலோவுக்கு யாராவது செய்து தந்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன். முதல் வகைக்கு நான் எதிர். சேற்றுக்குள்ளும் சூட்டுக்குள்ளும் ஒரு மின்கம்பியை வைச்சு, அது பழுதானால் "சரி" என்று காட்டுதா "பிழை" என்று காட்டுதா என்று யோசிக்கிற வேலை எனக்குக் கிழமை நாட்களிலேயே போதும். பச்சை விளக்கு எரிஞ்சால் ஆக்கள் குனிஞ்சு பார்க்க மாட்டார்கள். தம்பியின்ர ஆப் பச்சையாகத்தான் இருந்தது.

அவன் இப்ப திரும்ப ஓடுறான். லிஃப்ட் வரிசையில் நிற்கிற நேரம் குனிஞ்சு டோர்ச் அடிச்சுப் பார்க்கிறான், பிறகு என்ர வெலோவையும் பார்க்கிறான். கேட்டுப் பார்க்கிறதில்லை.

இந்தக் கிழமை உங்கட வெலோவைப் பார்த்திட்டு, விளங்காட்டில் படம் எடுத்து இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்கோ, நான் பார்த்துச் சொல்லுறன். ஆனால் வெளியே நின்று கலிப்பரைப் படம் எடுத்து அனுப்பாதேங்கோ, அதில் ஒன்றும் தெரியாது. சக்கரத்தைக் கழட்டி, டோர்ச்சை மறு பக்கத்தில் பிடிச்சு, இரண்டு பேட்டின் விளிம்பும் தெரியிற மாதிரி எடுங்கோ. பக்கத்தில் ஒரு வங்கி அட்டையும் இருந்தால் நல்லம். அட்டை இலக்கம் தெரியாத பக்கத்தை வையுங்கோ.